வாக்களிப்பது குடிமகனின் கடமையா?

சிங்கப்பூரிலே தேர்தல் நாளன்று வாக்குச் சாவடிப் பக்கம் எட்டிப் பாராத ஒருவரின் பெயர், தேர்தல் முடிந்தபின் வாக்காளர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டுவிடும். மீண்டும் அப்பெயர் ஏற வேண்டுமானால் அவர் காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். நோயாய்க் கிடந்தார், பிள்ளைப்பேறு நேர்ந்தது, வேலையாகவோ படிப்பாகவோ வெளிநாட்டில் இருந்தார் என்றால் கட்டணம் கிடையாது. தக்க காரணம் இல்லையேல் ஐம்பது வெள்ளி செலுத்த வேண்டும். பெயர் மீளும் வரையில் அவர் வாக்களிக்கவும் இயலாது. வேட்பாளராக நிற்கவும் இயலாது. ஜொகூர் நீரிணைப் பாலத்தைக் கடந்து இக்கரைக்கு வந்துவிட்டாலோ கதையே வேறு. மலேசியாவில் ஒருவர் தேர்தல் நாள் முழுவதும் சாய்வு நாற்காலியில் படுத்துக் கிடந்தாலும் ஏன் என்று கேட்பாரில்லை.

ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையின் இரு கரைகளில் இருக்கும் நாடுகள் இவை. 1963 செப்டம்பர் முதல் 1965 ஆகஸ்டு வரை இரண்டும் ஒரே நாடாகவும் இருந்தன. அப்படியிருந்தும் ஒரு நாடு வாக்களிப்பதைக் கடமை என்கிறது. மற்றது உரிமை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இவற்றுள் எது பொருத்தம் என்பதைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையதாகும்.

இப்பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே நம் மேடைப் பேச்சாளர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய்விடுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. கணக்குக் காட்டாதவர் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்று அன்றே விதித்தார்கள். ஆனால் குடவோலை என்பது பலரும் நினைப்பது போன்ற வாக்கெடுப்பு அன்று. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த திருவுளச் சீட்டு அது. தகுதியுள்ளோர் யார் என்றால், கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருப்பவர், மறை கற்றவர் என்று கல்வெட்டே வரையறுக்கிறது. நிலமில்லாத உழவனுக்கும், எந்தப் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. ஆதலால் வயது வந்த ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு என்பது நம் முன்னோர் கண்டதன்று. அது அண்மைக் காலத்தது. அதனோடு பிறந்த கேள்வியும் அண்மைக் காலத்துக் கேள்வியே.

உரிமைக்கும் கடமைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உரிமை என்பது, வேண்டுமானால் பயன்படுத்தலாம், வேண்டாவிடில் விட்டுவிடலாம் என்னும் தன்மையது. நூலகத்தில் நூல் எடுக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. எடுக்காதவரை எவரும் குறை கூறுவதில்லை. கடமையோ பிறர்க்குச் செலுத்த வேண்டிய ஒரு கடன் போன்றது. அப்படியாயின் வாக்களிப்பது யாருக்குச் செலுத்தும் கடன்?

அரசாங்கத்துக்கு என்பார் சிலர். அது பொருந்தாது, ஆளுவோரை மாற்றுவதற்கும் உரிய கருவியாகிய வாக்கினை ஆளுவோர்க்கே கடனாகச் செலுத்துவது எங்ஙனம்? விடுதலைக்கு உழைத்த தியாகிகளுக்கு என்பார் வேறு சிலர். நன்றியுணர்வு நல்லதே. ஆனால் நன்றி ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு தலைமுறை நிற்கும். பிறகு அது விழா நாளில் மட்டும் நினைவுக்கு வரும். உண்மையான விடையைச் சிங்கப்பூரின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. அது சக குடிமகனுக்குச் செலுத்தும் கடன். அதிலும், தன்னைக் காத்துக்கொள்ள வலிமையற்ற சக குடிமகனுக்குச் செலுத்தும் கடன்.

சிங்கப்பூரில் முதல் தேர்தல் 1948 மார்ச்சில் நடந்தது. சட்டமன்றத்தின் இருபத்திரண்டு இடங்களில் ஆறு இடங்களை மட்டுமே மக்கள் நிரப்பலாம் என்று ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்தனர். பிரிட்டிஷ் பிரஜைகள் மட்டுமே வாக்களிக்கலாம். அவர்களும் தாமாகச் சென்று பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒன்பது இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த தீவில் பதிந்துகொண்டவர் ஏறத்தாழ 22,000 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்தியர் என்பது இன்று பலர்க்கு வியப்பளிக்கும். இந்தியாவிலிருந்து வந்தவர்களிற் பலர் அன்று பிரிட்டிஷ் பிரஜைகளாயிருந்தமை ஒரு காரணம். சீனாவில் பிறந்து வந்த பெருந்தொகையினர்க்கு அந்த உரிமை இல்லாதிருந்தது மற்றொரு காரணம்.

1955 ஏப்ரல் தேர்தலில் நிலைமை மாறியது. முப்பத்திரண்டு இடங்களில் இருபத்தைந்து இடங்களுக்கு மக்களே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாயினர். தகுதியுள்ளோர் பெயர்களை அரசாங்கமே பட்டியலில் சேர்த்தமையால் வாக்காளர் தொகை மூன்று இலட்சமாக உயர்ந்தது. ஆயினும் வந்து வாக்களித்தவர் பாதிக்குச் சற்று அதிகமே. எஞ்சியோர் அன்றைய பொழுதைத் தத்தம் வேலையிலே கழித்தனர்.

பாதிப்பேர் வராத தேர்தலில் நடப்பது என்ன? கையில் காசுள்ளவர் மோட்டார் வண்டிகளை அமர்த்தித் தமக்கு வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு வருவார். வண்டியில் ஏறுவோர்க்கு வழியிலே காப்பியும் கையிலே சில்லறையும் கிடைக்கும். இன்ன சந்தில் உள்ளவர் வரவேண்டும், இன்ன சந்தில் உள்ளவர் வரக்கூடாது என்று குண்டர் கூட்டத்தார் தீர்மானிப்பார்கள். 1957ஆம் ஆண்டு இடைத்தேர்தல்களுக்குப் பின் இத்தகைய புகார்கள் எழுந்தபோது, தேர்தல் முறைகேடுகளை ஆராய ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. வாக்களிப்பதைக் கட்டாயமாக்குவதே இந்நோய்க்கு மருந்து என்னும் கருத்து அதன்வழி வலுப்பெற்றது. 1959 மே 30ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலிலே கட்டாய வாக்களிப்பு நடைமுறைக்கு வந்தது. குடியுரிமைச் சட்டம் 1957இல் நிறைவேறியிருந்தமையால் வாக்காளர் தொகையும் ஐந்தரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வந்து வாக்களித்தனர்.

இம்மருந்து வேலை செய்யும் முறையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஆயிரம் வாக்காளர் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் இருநூறு பேரை ஒரு செல்வர் விலைக்கு வாங்கிவிட்டார் என்க. அன்று வந்தவர் மொத்தம் நானூறு பேரானால், அச்செல்வரின் கையில் இருப்பது சரிபாதி. இன்னும் ஒருவர் சேர்ந்தால் ஊர் அவருடையது. வந்தவர் தொள்ளாயிரம் பேரானாலோ அதே இருநூறு பேர் கால் பங்குகூட ஆகமாட்டார்கள். செலவழித்த காசு வீண். வாங்கியவர்களின் தொகை கூடவுமில்லை, குறையவுமில்லை. வீட்டிலே இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், அவ்வளவே. வீட்டிலே இருந்துவிடுபவர் தாம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையிலோ தாம் வராமையால் விலைபோன வாக்குக்கு எடை கூட்டுகிறார். காசு வாங்கி வாக்களித்த ஏழையை ஊரார் ஏசுவார்கள். காசே வாங்காமல் அச்செல்வர்க்கு உதவி செய்தவரை ஏசுவார் யாருமில்லை.

‘என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது?’ என்பது அடுத்துக் கேட்கப்படும் கேள்வி. 2011ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலில் போத்தோங் பாசிர்த் தொகுதியின் வெற்றி 114 வாக்கு வேறுபாட்டில் முடிவாயிற்று. அடுக்குமாடி வீடுகளின் ஒரே தொகுப்பில் குடியிருப்போர் அத்தனை பேர் தேறுவர். ஆனால் இத்தகைய நெருக்கமான முடிவுகள் அருமையாகவே நேர்பவை. அவற்றை மட்டும் காட்டி வாதாடுவது முழு நேர்மையாகாது. ஒருவர் வாக்கு முடிவை மாற்றாது என்பது பெரும்பாலான தேர்தல்களில் உண்மையே. ஊர்ச் சாக்கடையை எல்லாரும் கூடித் துப்புரவு செய்யும்போதும் ஒருவர் வராவிட்டால் வேலை நின்றுவிடாது. ‘நான் இல்லாமலே நடக்கும்’ என்னும் சாக்கு அங்கே எடுபடுவதில்லை. வாக்குச் சாவடியில் மட்டும் எடுபடுவானேன்?

இதனினும் வலிய மறுப்பு ஒன்றுண்டு. வாக்களிப்பது கடமை என்றால், நிற்பவர்களில் ஒருவரையும் பிடிக்காதவர் என்ன செய்வது? பேச உரிமையுள்ளவனுக்குப் பேசாதிருக்கவும் உரிமையில்லையா?

ஆஸ்திரேலியாவில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அங்கே 1922 தேர்தலில் வாக்களித்தவர் அறுபது விழுக்காட்டுக்கும் குறைந்துவிட்டனர். 1924இல், அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவின் வாயிலாகக் கட்டாய வாக்களிப்புச் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டுத் தேர்தலில் வந்தவர் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல். சோஷலிசக் கட்சியைச் சேர்ந்த ஒருவர், நிற்கும் கட்சிகள் யாவும் முதலாளித்துவத்தையே தாங்குகின்றன, ஆகவே யாருக்கும் வாக்களிக்க இயலவில்லை என்று வாதாடினார். இது தக்க காரணம் ஆகாது என 1926இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருப்பவர்களில் குறைந்த தீங்குள்ளவரைத் தெரிந்தெடுக்கலாமே என்பது நீதிபதிகளின் எண்ணம். நீதிபதிகளுள் ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.

சட்டம் ஆளைச் சாவடிக்கு இழுத்துவரலாம். மனத்தை இழுத்துவர இயலாது. ஆஸ்திரேலியாவில் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என வரிசை எண் இட வேண்டும். வேண்டாவெறுப்பாய் வந்தவர் மேலிருந்து கீழாக அப்படியே எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்குக் ‘கழுதை வாக்கு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தாஸ்மேனியா மாநிலத்தார் இதற்கு ஒரு தந்திரம் கண்டனர்: பெயர்களின் வரிசையைச் சீட்டுக்குச் சீட்டு மாற்றி அச்சிடுகிறார்கள். கழுதைகளின் வாக்கு எல்லார்க்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்காகிவிடுகிறது.

சிங்கப்பூரில் 2011 ஆகஸ்டில் அதிபர் தேர்தல் நடந்தபோது முதலிருவர்க்கும் இடையே இருந்த வேறுபாடு ஏழாயிரத்துச் சொச்சம் வாக்குகளே. செல்லாத வாக்குகளோ முப்பத்தேழாயிரத்துக்கு மேல்! அவற்றுள் அறியாமையால் கெட்டவை எத்தனை, வேண்டுமென்றே கெடுத்தவை எத்தனை என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சொல்லாமற் சொல்லும் வாக்கு என்பதற்கு இப்பகுதியில் மிகப் பெரிய எடுத்துக்காட்டு 1962 செப்டம்பர் முதல் நாள் சிங்கப்பூரில் நடந்த பொதுஜன வாக்கெடுப்பாகும். மலாயாவோடு இணைவது எவ்வகையில் என்பதே கேள்வி. சீட்டிலே மூன்று வழிகள் அச்சிடப்பட்டிருந்தன; மூன்றும் இணைப்புக்கானவையே. இணைப்பு வேண்டாம் என்போர்க்கு அச்சீட்டில் கட்டமே இல்லை. வாக்களிப்போ கட்டாயம். அரசாங்கத்தின் திட்டத்தை எதிர்த்த பாரிசான் சோஷலிஸ் கட்சியார், சீட்டில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாகப் போடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டனர். வெறுஞ்சீட்டுகளைச் சட்டமன்றத்தின் முடிவுக்கு இணங்கியவையாகக் கொள்ளலாம் என்பதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருந்தது அரசாங்கம். முடிவில் அரசாங்கத்தின் வழிக்கு ஏறத்தாழ எழுபத்தொரு விழுக்காடு. வெறுஞ்சீட்டுகள் 1,44,077, அதாவது கால் பங்கு.

இரு தரப்பாரும் தத்தம் வழியில் அதற்குப் பொருள் கூறினர். இன்றும் ஆராய்ச்சியாளர் கூறி வருகின்றனர். ஒன்று மட்டும் தெளிவு. அந்த 1,44,077 பேரும் வீட்டிலே இருந்திருப்பார்களேயானால் அவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதித் தள்ளியிருப்பார்கள். சாவடி வரை நடந்து வந்து வெறுஞ்சீட்டைப் பெட்டியில் போட்டமையால்தான் அவர்களை எண்ணிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே, கடமை எனப்படுவது வந்து நிற்பதே. இன்னாரைத் தெரிவு செய் என்பதன்று. இந்தியாவில் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ‘மேற்கண்டோர் எவருமில்லை’ என்னும் பொத்தானை இயந்திரத்தில் வைத்தார்கள். வாக்களிப்பு கட்டாயமில்லாத நாட்டில் வைத்த அப்பொத்தான், கட்டாயமுள்ள நாட்டுக்கு அதைவிட அவசியம் என்று தோன்றுகிறது.

நாட்டு நடப்பு அறியாதவர் வாக்களித்துக் கெடுப்பதைவிட வராதிருப்பதே நன்று என்று கற்றவர் சிலர் கூறுவதுண்டு. பால்மரம் வெட்டுபவனுக்குப் பட்ஜெட் தெரியுமா என்று அன்று கேட்டவர்களும் உண்டு. மரத்துக்கு என்ன கூலி, ரொட்டி என்ன விலை, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக் கூரை எத்தனை ஆண்டாய் ஒழுகுகிறது என்பது அவனுக்குத் தெரியும். வாக்களிக்க அவ்வறிவு போதும்.

கடமை என்று ஒப்புக்கொண்டபின், எதிர்க்கடமையையும் பேசியாக வேண்டும். குடிமகன் வந்து நிற்கக் கடமைப்பட்டவன் என்றால், அவன் வந்து நிற்பதற்கு இடமும் பொருளும் இருக்கச் செய்ய அரசும் கடமைப்பட்டதன்றோ?

சட்டம் கட்டாயம் என்று கூறும் சிங்கப்பூரிலேயே, தலைமுடி நரைத்த பின்னும் ஒருமுறைகூட வாக்களியாத குடிமக்கள் பலர் இருந்தனர். குற்றம் அவர்களுடையதன்று; அவர்கள் தொகுதியில் போட்டியே இல்லை. 1968 பொதுத் தேர்தலில் 58 இடங்களில் 51 இடங்கள் போட்டியின்றி நிரப்பப்பட்டன. 2001இல் 84 இடங்களில் 55 இடங்கள் அவ்வாறே. 2015இல்தான், விடுதலைக்குப் பின் முதன்முறையாக, எல்லா இடங்களுக்கும் போட்டியிருந்தது. 2025 மே மாதத் தேர்தலில் ஐந்து இடங்கள் கொண்ட ஒரு குழுத்தொகுதி மீண்டும் போட்டியின்றிப் போயிற்று.

மறைவும் அரசு செய்து தர வேண்டியதே. சிங்கப்பூரில் வாக்குச் சீட்டில் எண் அச்சிடப்பட்டிருப்பதால், தாம் யாருக்கு வாக்களித்தோம் என்பது தெரிந்துவிடுமோ என்று அஞ்சுவோர் நெடுங்காலமாக உளர். கள்ளச் சீட்டுகளைக் கண்டுபிடிக்கவே அந்த எண். எண்ணி முடித்த சீட்டுகளைப் பெட்டியிலிட்டு முத்திரை வைத்து உச்ச நீதிமன்றத்துக் காப்பறையில் ஆறு மாதம் பூட்டி வைத்துப் பின் எரித்துவிடுகிறார்கள். நீதிமன்ற ஆணையின்றி எவரும் திறக்க முடியாது. இதனைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பது நல்லது; அச்சத்தோடு இடும் வாக்கு பாதி வாக்குத்தான்.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நிலை இன்னும் சிந்திக்கத் தக்கது. நாடாளுமன்றத் தேர்தல்களில் வாக்குரிமை அவர்கள் அனைவர்க்கும் 1962இல்தான் கிடைத்தது. ஆனால் பட்டியலில் பெயர் பதிவது மற்றவர்க்குக் கட்டாயமாயிருக்க, அவர்கள் விரும்பினால் பதியலாம் என்று மட்டும் விட்டார்கள். 1984இல்தான் அவர்களுக்கும் கட்டாயமாயிற்று. கேட்பதற்குச் சலுகை போலத் தோன்றும். உண்மையில், ‘நீ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றே’ என்று இருபத்திரண்டு ஆண்டுகள் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததாகும் அது.

அச்சொல்லின் கசப்பு மலாயாத் தோட்டப்புறத்தாருக்குத் தெரியாததன்று. 1955 ஜூலையில் மலாயாக் கூட்டரசின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, வாக்காளர் ஏறத்தாழப் பன்னிரண்டே முக்கால் இலட்சம் பேரில் இந்தியர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. காடழித்து ரப்பர் நட்ட கைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாக்குச் சீட்டில்லை. 1957 ஆகஸ்டு 31 முதல் ஓராண்டு காலம், மலாய் மொழித் தேர்வின்றிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வாசல் திறந்தது. விண்ணப்பத் தாளோடு லயம் லயமாய்ச் சென்றவர்களும் உண்டு. ‘ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்கு எதற்கு இது?’ என்று தாளைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அவ்வாண்டு போனவர்கள் போனவர்களே. 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தபோது, பல்லாயிரவர் வேலையிழந்து கப்பலேறினர். தங்கியவர்களிற் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையெய்தினர். மகன் வாக்களிக்கச் செல்வான், பேரன் செல்வான். தாத்தா வாசலில் உட்கார்ந்திருப்பார்.

மலேசிய அரசு தன் எதிர்க்கடமையில் ஒரு பகுதியை அண்மையில் நிறைவேற்றியது. 2019இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாயிற்று. பெயர்ப் பதிவும் தானாகவே நிகழலாயிற்று. 2018இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாயிருந்த வாக்காளர் தொகை 2022 நவம்பர்த் தேர்தலில் இரண்டு கோடியே பதினோரு இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் வாக்களித்தவர் 2018இல் எண்பத்திரண்டு விழுக்காடு. 2022இல் ஏறத்தாழ எழுபத்து நான்கு. அதே 2022 மார்ச்சில் ஜொகூர் மாநிலத் தேர்தலில் ஐம்பத்தைந்து விழுக்காட்டின் அளவே. மேலே சொன்ன கணக்கை இங்கே நினைவுகூர்தல் தகும்.

சிங்கப்பூரைப் போல் இங்கும் சட்டம் வேண்டுமா என்பது பெரியதொரு விவாதம். நெதர்லாந்து நாட்டார் 1917 முதல் கட்டாயப்படுத்தி, 1970இல் கைவிட்டனர். சட்டம் இருந்தால்தான் கடமை, இல்லாவிட்டால் இல்லை என்பதன்று. பெற்றோரைப் பேணும் கடமை சட்டத்தைப் பார்த்தா பிறந்தது? ஆனால் ஏழையின் வாக்குக்கு விலை பேசுவோர் மிகுந்த காலத்தில் சட்டத்தின் துணையும் வேண்டும் என்று 1959இல் சிங்கப்பூரார் செய்த முடிவைத் தவறென்று சொல்ல இடமில்லை.

அச்சட்டம் வரும்வரை, இருக்கும் சட்டத்தையாவது அறிந்துவைத்திருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி, தேர்தல் நாளில் வேலையிலிருக்கும் வாக்காளருக்கு வாக்களித்துவர நியாயமான நேரம் தருவது முதலாளியின் பொறுப்பு. அந்நேரத்துக்காகக் கூலியைப் பிடித்தல் கூடாது. முகவரி விஷயம் இன்னொன்று. தானாகப் பெயர் பதியப்படுவது அடையாள அட்டையில் உள்ள முகவரியைக் கொண்டே. தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அட்டையிலோ பழைய தோட்டத்தின் பெயரே இருக்கும். வாக்கும் அங்கேதான் இருக்கும். அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்வதோடு நில்லாமல், தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடமும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தபின் விண்ணப்பித்தால் அத்தேர்தலுக்கு அது உதவாது.